திருமலை (திருகோணமலை): முயலுக்கு வயிறு சரியில்லை, பின்பக்கமெல்லாம் ஒட்டிக் கிடக்கு. என்ன செய்யலாம்?

உப்புவெளிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டுக்காரர் கொழும்புக்கு மாறிப் போகேக்க தங்கட முயலை எங்களிட்டத் தந்திட்டுப் போனவை. பேர் சீனு. ஆண் முயல், ரெண்டு கிலோ அளவில வரும். அங்க இருக்கேக்க பாண், கரட், மாரி பிஸ்கட் இதுகள்தான் சாப்பாடாம். இஞ்ச வந்ததில இருந்து பாக்கிறன், பின்பக்கத்தில கறுப்பா, பிசுபிசுவெண்டு ஒட்டிக் காஞ்சு கட்டியாக் கிடக்கு. மணம் தாங்கேலாது. ஆனா கூட்டுக்குள்ள உருண்டைப் புழுக்கையும் கிடக்கு. பாணைக் கண்டா ஓடி வருது, புல்லை மோந்து பாத்திட்டு விட்டிட்டுப் போகுது. இது வயித்தோட்டமா? குளிக்க வாக்கலாமா? வாடகை வீடு, அம்மாவுக்கும் இந்த மணம் ஒத்து வருதில்லை. ஆராவது முயல் வளத்த ஆக்கள் சொல்லுங்கோ.

பாலையூற்றுப் பெடியன்:
அக்கா, சுடுதண்ணியில பேபி சம்பு போட்டு நல்லா ஒருக்காக் குளிக்க வாருங்கோ. எங்கட நாய்க்கு அப்பிடித்தான் செய்யிறனாங்கள். வயித்தோட்டத்துக்கு பாமசியில மனுசருக்குக் குடுக்கிற குளிசை இருக்கு, கால்வாசி கரைச்சுக் குடுத்தா நிண்டிடும்.

பேராதனை மாணவி:
தம்பி நல்ல மனதோட சொல்லுறீங்கள், ஆனா ரெண்டும் வேண்டாம். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில மிருக வைத்தியம் படிக்கிறன், ஊர் திருமலைதான்.

அக்கா, நீங்கள் எழுதினதில முக்கியமான வரி, உருண்டைப் புழுக்கையும் கிடக்கு எண்டது. அப்பிடியெண்டா இது பெரும்பாலும் வயித்தோட்டம் இல்லை. முயலுக்கு ரெண்டு விதமான எச்சம் இருக்கு. ஒண்டு நாங்கள் பாக்கிற காஞ்ச உருண்டை. மற்றது மெதுவானது, பளபளவெண்டு சின்னத் திராட்சைக் குலை மாதிரி சேந்து வரும். அதைக் குதத்தில இருந்தே வாயால எடுத்துத் தின்னும், பெரும்பாலும் இரவிலயும் விடியப்புறத்திலயும். பெருங்குடல்ப் பையில நுண்ணுயிர்கள் புளிக்க வச்ச சத்தும் விற்றமினும் அதுக்குள்ளதான் இருக்கு. அதால நாங்கள் அதைக் காணுறதே குறைவு. பாணும் பிஸ்கட்டும் கரட்டும் மாச்சத்தையும் சீனியையும் கூட்டி, அந்தப் பைக்குள்ள இருக்கிற நுண்ணுயிர்ச் சமநிலையைக் குழப்பிப்போடும். அப்ப அந்த மெதுவான எச்சம் தண்ணிப்பதமா, அளவுக்கு மிஞ்சி வரும். முயல் தின்னாம விட, இருக்கிற இடத்திலயே நசுங்கி மயிரில ஒட்டிக் காயும். உடம்பு கொழுத்து வாய் எட்டாமப் போனாலும், பல்லு நோவெண்டாலும், மூட்டு நோவெண்டாலும் இதே கதைதான்.

உண்மையான வயித்தோட்டம் வேறை. அதில உருண்டையே இருக்காது, தண்ணியாத்தான் போகும். வளந்த முயலுக்கு அது அரிது, வந்தா அண்டைக்கே வைத்தியரிட்டப் போகவேணும். குடலை மெதுவாக்கிற மனுசக் குளிசையை முயலுக்குக் குடுக்கவே கூடாது. முயலுக்கு வாந்தி எடுக்கேலாது. குடல் ஓடிக்கொண்டே இருக்கிறதாலதான் அது உயிரோட இருக்கு. அதை நிப்பாட்டுறது ஆபத்து.

மூதூர் ராத்தா:
தங்கச்சி சொல்லுறது நூத்துக்கு நூறு சரி. நான் ஒண்டு சேத்துச் சொல்லுறன், தயவுசெய்து எல்லாரும் வாசிங்க. எங்கட மகள்ர முசலுக்கு ஒரு இடத்தில அமொக்சிசிலின் சிரப் தந்தாங்க, பிள்ளையளுக்குக் குடுக்கிற அதே இளஞ்சிவப்புச் சிரப்தான். குடுத்துக் கொஞ்ச நாளில தண்ணியாப் போகத் தொடங்கி மௌத்தாகிட்டு. மகள் இண்டைக்கும் அந்தக் கூட்டை ஆருக்கும் குடுக்க விடுறால்ல.

பேராதனை மாணவி:
ராத்தா, வாசிக்கவே கவலையா இருக்கு. அமொக்சிசிலின், அம்பிசிலின், பெனிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் இதுகளை வாயால குடுத்தா முயலின்ர குடலில இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, குளொஸ்ட்ரிடியம் எண்ட கிருமி பெருகி நஞ்சு சுரக்கும். நாய்க்கும் மனுசருக்கும் சாதாரண மருந்து, முயலுக்கு யமன். முயலுக்குப் பொருந்துற வேற நுண்ணுயிர்கொல்லிகள் இருக்கு, அதை வைத்தியர்தான் தெரிவு செய்யவேணும். வீட்டில மிச்சம் கிடக்கிற போத்தலைத் திறக்கவே வேண்டாம். தெள்ளுக்கு நாயின்ர முதுகில விடுற பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது.

தம்பலகாமம் வயல்காரன்:
பிள்ளை, வயிறு குழம்பினா எங்கட ஊர் எருமைத் தயிர் ஒரு கரண்டி குடுத்துப் பாக்கலாமே? நல்ல கிருமி இருக்கெண்டு சொல்லுறாங்கள்.

பேராதனை மாணவி:
ஐயா, தம்பலகாமத்துத் தயிரை நானே விட்டு வைக்கிறதில்லை. ஆனா வளந்த முயலுக்குப் பால்பொருள் செரியாது, குழம்பின வயிறு இன்னும் குழம்பும். உங்களிட்ட இருந்து முயலுக்கு வேண்டியது புல்லுத்தான். சாப்பாட்டில நூத்துக்கு எண்பதுக்கு மேல புல்லா இருக்கவேணும், பச்சையோ காஞ்சதோ. ஒரு நாளைக்கு முயலின்ர உடம்பளவு குவியல் முன்னால கிடக்கவேணும். நீளமான நார்தான் குடலைத் தள்ளி ஓட வைக்கும். பல்லு சாகும் வரைக்கும் வளந்துகொண்டே இருக்கும், புல்லை அரைச்சு அரைச்சுத்தான் அது தேயும்.

உப்புவெளிக்காரி:
தங்கச்சி, கோடி நன்றி. அப்ப இண்டைக்கு இரவு அந்தக் கட்டியை எப்பிடி எடுக்கிறது? கத்தரிக்கோலால வெட்டலாமா?

பேராதனை மாணவி:
வெட்டவே வேண்டாம் அக்கா. முயலின்ர தோல் மிச்சம் மெல்லிசு. மயிரை இழுத்துப் பிடிச்சா தோலும் சேந்து எழும்பி வரும், வெட்டுப்பட்டுக் கிழிஞ்சிடும். முழு உடம்பையும் நனைக்கவும் கூடாது. முயல் பயத்திலயே செத்துப்போகக்கூடிய பிராணி, நனைஞ்சால் உடம்பு குளிர்ந்தும் போகும்.

ரெண்டு பேர் வேணும். நிலத்திலயே இருங்கோ, மேசையில வேண்டாம். துள்ளி விழுந்தா முள்ளந்தண்டு முறிஞ்சிடும். கீழ ஒரு துவாயை விரியுங்கோ, பேசினில ரெண்டு அங்குலம் மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணி. ஒரு ஆள் நெஞ்சுக்குக் கீழ கை குடுத்துப் பிடிக்க, பின்பக்கம் மட்டும் தண்ணியில படட்டும். பஞ்சை நனைச்சு அந்தக் கட்டிக்கு மேல வச்சு ஊற விடுங்கோ. அவசரப்பட வேண்டாம், ஊறினா தானாக் கரைஞ்சு விரலோட வரும். வராததை இண்டைக்கு விட்டிட்டு நாளைக்கு எடுக்கலாம். சவர்க்காரம், டெட்டோல் ஒண்டும் வேண்டாம், அது பிறகு நக்கும். ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுத்து, மயிர் வேர் வரைக்கும் காய விடுங்கோ. மயிர் காய வைக்கிற மெசின் இருந்தா ஆகக் குறைஞ்ச சூட்டில தூரப் பிடிச்சுக் காட்டலாம், சத்தத்துக்குப் பயந்தா உடனே நிப்பாட்டுங்கோ. இனி வாற நாளில கொஞ்சமா ஒட்டினா, தண்ணியில்லாம சோளமாவைத் தூவிச் சீப்பால வாரி எடுக்கலாம். முகத்துக்குப் பூசுற டல்க் பவுடர் வேண்டாம், நெஞ்சுக்குள்ள போகும்.

மறைவிடத்துக்கு ரெண்டு பக்கமும் மயிரில்லாத சின்ன மடிப்பு இருக்கும், அதுக்குள்ள மெழுகு மாதிரிச் சேந்து கிடந்தா மணக்கும். நனைச்ச பஞ்சால துடைச்சுவிடுங்கோ. கழுவின பிறகும் மணம் போகேல்லை எண்டு சொல்லுற ஆக்கள் அதை மறந்திருப்பினம்.

திருக்கடலூர் மீன்காரன்:
இலையானைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட பக்கம் கருவாடு காயப்போடுற நாளில இலையான் மொய்க்கும். என்ர அண்ணன்ர முயலுக்குப் பின்பக்கம் ஈரமாக் கிடந்தது, காலமை நல்லாத்தான் இருந்தது, அடுத்த நாள் பாத்தா மயிருக்குள்ள புழு நெளியுது. தோலைத் துளைச்சு உள்ளுக்குப் போட்டுது. காப்பாத்த முடியேல்லை. மறைக்கிறதுக்கு இதில ஒண்டுமில்லை, மற்றவை தெரிஞ்சிருக்க வேணும் எண்டுதான் எழுதுறன்.

பேராதனை மாணவி:
மிக முக்கியமான விசயம் அண்ணா. ஊத்தை பட்ட மயிரில இலையான் முட்டையிட்டா அரை நாளுக்குள்ளயே புழுவாகலாம். வெள்ளைப் பொட்டு மாதிரி முட்டையைக் கண்டாலும், புழு ஒண்டைக் கண்டாலும், நேரம் பாராம வைத்தியரிட்ட ஓடவேணும். சீனுவைக் காலமையும் பின்னேரமும் தூக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கோ அக்கா. கூட்டைச் சுத்தி நுளம்பு வலையைக் கட்டிவிடுங்கோ. வலைக்குள்ள நுளம்புச் சுருள் கொளுத்த வேண்டாம்.

உப்புவெளிக்காரி:
எல்லாம் சொன்ன மாதிரியே செய்தம். அம்மா நெஞ்சைப் பிடிக்க நான் ஊற வச்சன். முக்கால்வாசி வந்திட்டுது. கீழ தோல் சிவந்து கிடக்கு, ஆனா புண் இல்லை. பாண் இனி இந்த வீட்டில அதுக்கு இல்லை.

உப்புவெளிக்காரி:
அவசரம். நேற்று இரவில இருந்து ஒண்டும் தின்னேல்லை. கச்சான் காத்து வேறை, அனல் மாதிரி வீசுது, இரவு முழுக்க கரண்டும் இல்லை. மூலையில குறண்டிக்கொண்டு இருக்கு, பல்லைக் கறகறவெண்டு கடிக்குது. புழுக்கை ஒண்டும் இல்லை. பாண் நிப்பாட்டினதாலயோ?

பேராதனை மாணவி:
அக்கா, இப்பவே வைத்தியரிட்ட வெளிக்கிடுங்கோ. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் தின்னாம, புழுக்கையும் இல்லாம இருந்தா அது குடல் நிண்டுபோன நிலை. பல்லுக் கடிக்கிறது நோவுக்கு அடையாளம். நாளைக்குப் பாப்பம் எண்டு இருந்தா தப்பாது.

போக முதல் போன் பண்ணி, முயல் பாப்பியளோ எண்டு கேளுங்கோ. அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில மாடு, ஆடு, கோழி பாக்கிறதுதான் கூட, ஆனா கேட்டா வழி சொல்லுவினம். தோலுக்கடியில சேலைன், நோவுக்கு மருந்து, குடல் ஓட மருந்து இதுகள் தேவைப்படும். பல்லையும் பாக்கச் சொல்லுங்கோ. அமொக்சிசிலின் எழுதினா மரியாதையாக் கேளுங்கோ, முயலுக்கு வாயால குடுக்கலாமோ எண்டு.

வயிறைத் தொட்டுப் பாருங்கோ. வீங்கி இறுகி இருந்தா வாயில ஒண்டும் குடுக்க வேண்டாம், அடைப்பா இருக்கலாம். மெதுவா இருந்தா வழியில தண்ணி மட்டும் ஊசியில்லாத சிறிஞ்சால முன் பல்லுக்குப் பின்னால, வாயின்ர பக்கவாட்டில துளித் துளியா விடலாம். மல்லாத்திப் பிடிச்சு விடக்கூடாது, மூச்சுக்குழலுக்குள்ள போயிடும். ஓட்டோவில போகேக்க தண்ணிப் போத்தலை ஐஸ் ஆக்கி வச்சிருந்தா சீலையில சுத்திப் பெட்டிக்குள்ள ஒரு பக்கம் வையுங்கோ. விரும்பினா சாயும், விரும்பாட்டி விலகும்.

கிண்ணியா நானா:
தங்கச்சி, காதைத் தொட்டுப் பாருங்க. நெருப்பாச் சுட்டு, மூச்சு வேகமா வாங்கினா வெக்கை பிடிச்சிருக்கு. ஈரச் சீலையால காதை மட்டும் துடைச்சுவிடுங்க, முசல் காதாலதான் சூட்டை விடும். பச்சத்தண்ணியைத் தலையில ஊத்திப்போடாதீங்க. அல்லாஹ் லேசாக்கி வைப்பான்.

பாலையூற்றுப் பெடியன்:
அக்கா, ஓட்டோ தேவையெண்டா சொல்லுங்கோ. பத்து நிமிசத்தில உப்புவெளிச் சந்திக்கு வாறன்.

உப்புவெளிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. தம்பிதான் கூட்டிக்கொண்டு போனவர். வைத்தியர் சேலைன் ஏத்தி, நோவுக்கு ஊசி போட்டு விட்டவர். வயிறு இறுகேல்லை, அடைப்பில்லை எண்டு சொன்னவர். கடைவாய்ப் பல்லில ஒரு பக்கம் கூராகி நாக்கில குத்துதாம். அதுதான் புல்லைத் தொடாம மெதுவான பாணுக்கு மட்டும் ஓடி வந்திருக்கு. பல்லை ராவிறதுக்கு மயக்கம் குடுக்கவேணும், கொஞ்சம் தேறட்டும், பிறகு செய்யலாம், அல்லது பேராதனைக்குக் கொண்டுபோங்கோ எண்டவர். இப்ப முயல் உணவு உருண்டையைத் தண்ணியில ஊற வச்சுக் கஞ்சியாக்கி, சிறிஞ்சால கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கிறம். இரவு ரெண்டு மணிக்கு மிளகளவில நாலைஞ்சு புழுக்கை போட்டுது. நானும் அம்மாவும் லைட்டைப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிண்டம்.

பேராதனை மாணவி:
அக்கா, அந்தச் சின்னப் புழுக்கைதான் நல்ல செய்தி. முதல்ல சிறிசாயும் கோணலாயும் வரும், பிறகு பெருக்கும். பெரிய, மண்ணிறமான, உடைச்சா உள்ளுக்குப் புல்லுத்தூள் தெரியிற உருண்டை வரும் வரைக்கும் கவனமா இருங்கோ. பேராதனைப் பீடத்தின்ர மிருகப் போதனா வைத்தியசாலைக்குத் திருமலையில இருந்து 180 கிலோமீற்றர் அளவில வரும், பஸ்ஸில ஐந்தாறு மணித்தியாலம். அதுக்குள்ள சாப்பாடு இல்லாம விடக்கூடாது, பெட்டிக்குள்ள புல்லு கிடக்கட்டும். மனுசருக்குச் செய்யிற மாதிரி சத்திரசிகிச்சைக்கு முதல் பட்டினி போடவும் கூடாது, முயலுக்கு அது தேவையில்லை. விடியச் சூடு ஏற முதல் வெளிக்கிடுங்கோ.

லிங்கநகர் ஆசிரியர்:
இந்த இழையை முழுதாக வாசித்தேன். என் கேள்வி சுத்தம் பற்றியது. எங்கள் முயல் கம்பிக் கூட்டில்தான் இருக்கிறது, எச்சம் கீழே விழுந்துவிடுவதால் சுத்தமாக இருக்கும் என்று விற்றவர் சொன்னார். இப்போது பின்னங்கால் அடியில் மயிர் போய்ச் சிவந்திருக்கிறது.

பேராதனை மாணவி:
ஐயா, முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல மெத்தை இல்லை, மயிர் மட்டும்தான். கம்பி அதைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். கூட்டின் பாதிக்கு மேல் பலகை போட்டு, அதன்மேல் வைக்கோலோ பாயோ விரியுங்கள். முயல் ஒரு மூலையைத் தானே தெரிவு செய்து அங்கேதான் சலம் பெய்யும். அந்த மூலையில் ஒரு தட்டு வைத்து, பத்திரிகைத் தாள் விரித்து, தட்டின் தலைப்பில் புல்லைக் கட்டித் தொங்க விடுங்கள். தின்றுகொண்டே எச்சமிடுவது அதன் வழக்கம், தட்டுப் பழகிவிடும். தாளை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள், சலத்தின் அமோனியா மணம் முயலின் மூச்சைத்தான் முதலில் கெடுக்கும். தட்டில் வெள்ளையாகப் படிவது கல்சியம், வினாகிரி ஊற்றி ஊற வைத்தால் கழன்றுவிடும். சலம் சில நாளில் செம்மஞ்சளாக இருந்தால் பயப்பட வேண்டாம், இலைகுழையின் சாயம் அப்படி வரும். ஆனால் முக்கிக்கொண்டு பெய்தாலோ, இரத்தக் கட்டி தெரிந்தாலோ காட்டுங்கள்.

கிண்ணியா நானா:
என்னட்ட குட்டிகள் இருக்கு. தாய்ட்ட இருந்து பிரிச்ச கையோட தண்ணியா வயித்தால போய் மூணு மௌத்து. அதுவும் சாப்பாடா?

பேராதனை மாணவி:
நானா, குட்டிகளில அப்பிடிப் போனா கொக்சிடியா எண்ட ஒட்டுண்ணியை முதல்ல நினைக்கவேணும். மிச்சக் குட்டிகளின்ர எச்சத்தை எடுத்துக்கொண்டு இண்டைக்கே வைத்தியரிட்டப் போங்கோ, நுணுக்குக்காட்டியில பாத்து மருந்து தருவார். எச்சத்தோட வெளிய வாற முட்டை ஈரத்தில ஓரிரு நாள் கிடந்தாத்தான் தொற்றும். அதால ஒவ்வொரு நாளும் கூட்டி அள்ளி, நிலத்தைக் காய வச்சா பாதி வெற்றி. சாதாரண கிருமிநாசினிக்கு அது சாகாது, குட்டிகளை வெளிய எடுத்திட்டுக் கொதிதண்ணி ஊத்துங்கோ. எட்டுக் கிழமைக்கு முதல் தாயிட்ட இருந்து பிரிக்காதீங்கோ.

உப்புவெளிக்காரி:
பேராதனை போய் வந்தாச்சு. பல்லு ராவியாச்சு. அண்டைக்குப் பின்னேரமே அறுகம்புல்லை ஒரு இழை இழுத்து மென்றது. இப்ப பின்பக்கம் காஞ்சு, மயிர் வெள்ளையா வருது. அம்மாதான் விடிய எழும்பி முதல்ல புழுக்கையைப் பாக்கிறவ. புல்லுத்தான் இப்ப பிரச்சினை. கடையில விக்கிற வெளிநாட்டுக் காஞ்ச புல்லு எங்களுக்குக் கட்டாது. கினிப்புல்லு றோட்டோரம் கிடக்கு, ஆனா நாயும் ஆடும் திரியிற இடம். இபில் இபில் மரத்து இலை குடுக்கலாம் எண்டு ஒருவர் சொன்னவர். மாரி தொடங்கினா என்ன செய்யிறது?

பேராதனை மாணவி:
றோட்டோரம் வேண்டாம் அக்கா, வாகனப் புகையும் நாய்ச் சலமும் பட்டது. இபில் இபிலில மிமோசின் எண்ட நச்சுப்பொருள் இருக்கு, கூடத் தின்னா மயிர் கொட்டும். அறுகும் கினியும் அருமை. வல்லாரை, கொத்தமல்லி, புதினா ஒரு பிடி, ஒவ்வொண்டாப் பழக்குங்கோ. முருங்கை இலையில கல்சியம் கூட, இடைக்கிடை மட்டும். உருண்டைத் தீனி ஒரு கிலோ உடம்புக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், அதுவும் எச்சம் ஒழுங்கான பிறகு. கரட் எண்டா விரல் நுனியளவு, கிழமையில ஒருக்கா.

தம்பலகாமம் வயல்காரன்:
பிள்ளை, காயப்போடுறதை நான் சொல்லித் தாறன், மாட்டுக்குச் செய்து பழகினதுதான். கினிப்புல்லு பூக்க முதல் வெட்டவேணும், பூத்தா தண்டு கட்டையாப் போயிடும். பனி காஞ்ச பிறகு வெட்டி, மெல்லிசா வெயிலில பரப்பி, மத்தியானம் ஒருக்காப் புரட்டோணும். கச்சான் காத்துக்கு ஒண்டரை நாள் காணும். பிறகு நிழலுக்கு எடு. கையில முறுக்கிப் பார், நீர் கசியாம, ஆனா பச்சை நிறம் போகாம இருக்கோணும். மஞ்சளாகும் வரைக்கும் வெயிலில விட்டா அது வைக்கோல்தான், சத்தில்லை. ஈரத்தோட கட்டினா உள்ளுக்குச் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். சாக்கில அமுக்கி, சீமெந்து நிலத்தில வைக்காம பலகைக்கு மேல வை. பொலித்தீன் பையில கட்டாத. ஐப்பசிக்கு முதல் சேத்துப்போடு, பிறகு மழை விடாது.

உப்புவெளிக்காரி:
ஐயா, எங்களுக்கு வளவு இல்லை, மொட்டை மாடி மட்டும்தான். அங்க காய வைக்கலாம். வெட்டுறதுக்குத்தான் இடமில்லை.

தம்பலகாமம் வயல்காரன்:
வாய்க்கால் வரம்பில என்னட்ட நிறையக் கிடக்கு. மருந்தடிக்காத பக்கம். வெள்ளிக்கிழமை தயிர்ச் சட்டியோட திருமலைக்கு வாறன், ரெண்டு கட்டுப் பச்சையாக் கொண்டு வாறன். காசு வேண்டாம். ஆனா நேரத்துக்கு வந்து நில்லு பிள்ளை. பஸ் ஸ்டாண்டில புல்லை இறக்கி வச்சா டவுனுக்குள்ள திரியிற மான் வந்து நிண்டிடும்.

உப்புவெளிக்காரி:
எட்டரைக்கே வந்து நிப்பன் ஐயா. லிங்கநகர் ஆசிரியருக்கும் ஒரு கட்டுக் குடுக்கலாம் எண்டா, மூண்டாக் கொண்டு வாங்கோ.